ஈரமான வாங்கு

வகுப்பறையில் அந்த வாங்குப் பலகையின் வலது முனை இன்றும் ஈரமாக இருந்தது.

ஜெசிந்தினி கையை இழுத்துக்கொண்டு விரல்களைப் பார்த்தாள். நுனியில் செம்மண். முதலில் கூரையைப் பார்த்தாள். ஒழுகிய கறை எதுவும் இல்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தாள், கொக்கி மாட்டியிருந்தது. யாராவது நனைந்த குடையை வைத்திருக்கலாம் என்று நினைத்தாள், ஆனால் பதுளையில் மழை பெய்தே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பகல் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் சிந்தியிருக்கலாம். சிந்திய தண்ணீரில் மண் எப்படி வரும்? சரியாகப் பார்க்கவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் தொட்டாள். சில்லென்றிருந்தது. மண்வெட்டி போட்டதும் மலைச்சரிவிலிருந்து கிளம்புமே, வேரும் இருட்டும் கலந்த மணம், அது விரலில் ஒட்டிக்கொண்டது.

கைக்குட்டையால் துடைத்துவிட்டு, எப்போதும் போல அந்த முனையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அது டெல்சியாவின் இடம்.

போன வருடம் முழுவதும் இருவரும் இதே வாங்கில்தான் இருந்தார்கள். பகலில் ஜெசிந்தினிக்கு ஸரூக் நானாவின் துணிக்கடையில் வேலை, டெல்சியாவுக்கு பண்டாரவளையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. மாலையில் இருவருக்கும் கணக்கியல் டிப்ளோமா. டெல்சியாவின் பஸ் எப்போதும் பிந்தும். அவள் பெயரை வாசிக்கும்போது ஜெசிந்தினி தலையைக் குனிந்துகொண்டு, மூக்கால் பேசும் அவள் குரலில், "ப்ரசன்ட் சேர்" என்பாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவால் மெல்ல நுழைந்து, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, டெல்சியா காதோரம் கேட்பாள்: "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என் கொரல்லயா?"

"ஒன் கொரல்லதான். கழுத மாதிரி."

நவம்பர் மழையில் ஹல்துமுல்லைக்கு மேலே, அவர்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மீது மலை சரிந்தது. வீட்டுக்குப் போயிருந்த டெல்சியா அந்த மண்ணுக்குள் போய்விட்டாள். அவள் அம்மா நேசராணி பக்கத்து லயத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்ததால் தப்பினாள். மற்ற உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். டெல்சியாவை எடுக்க முடியவில்லை. உடல் இல்லாததால் மரணச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாததால் கல்லூரி அலுவலகம் அவள் பெயரை நீக்கவில்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது புதிதாக வந்த துஷாந்த் சேர், முகங்களை அறியாதவர், பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டே போனார்.

"டெல்சியா."

ஜெசிந்தினியின் தலை தானாகக் குனிந்தது. "ப்ரசன்ட் சேர்."

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. ஆனால் அந்த ஒரு நொடி, அவள் பஸ்ஸில்தான் இருக்கிறாள், கொஞ்சம் பிந்துகிறது, அவ்வளவுதான் என்று இருந்தது. மழைக்குப் பிறகு அவளால் முதல்முறையாக நன்றாக மூச்சு விட முடிந்தது. மறு வகுப்பிலும் சொன்னாள். அதற்கடுத்த வகுப்பிலும்.

ஈரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அன்று வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வகுப்புத் தோழி நளீரா தோளைப் பிடித்தாள். "ஒன்னு கேக்கட்டா? கோவிக்காத. நீ இன்னமும் அவக்கு ப்ரசன்ட் சொல்றாய் என்ன?"

"பழக்கத்துல வந்திருச்சு."

"ஒரு நாள் பழக்கம், சரி. ஒவ்வொரு நாளுமா? செத்து மவுத்தானவங்க பேருக்கு நாம பதில் சொல்லப்படாதுடி. அல்லாட்ட துஆ கேக்கத்தான் வேணும்."

"மவுத்துன்னு யாரு சொன்னா? இன்னும் கெடைக்கலையே."

நளீரா பையிலிருந்து ஒரு பனிஸ் ரொட்டியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இதத் தின்னு மொதல்ல. நீ மெலியிற மெலிவுக்கு, கொஞ்ச நாள்ல ஒனக்கும் சேர்த்து நான்தான் ப்ரசன்ட் சொல்ல வேணும்."

ஜெசிந்தினி சிரித்தாள். சிரிப்பு படியின் கீழ்வரை போய்த் திரும்பி வந்தபோது அது ஒருத்தியின் சிரிப்பாகக் கேட்கவில்லை. படிக்கட்டு அப்படித்தான் எதிரொலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் மலைகள் சீக்கிரமே மறைந்துவிட்டன. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றது, மின்விசிறி ஓடாத அறைக்குள் எல்லோருடைய மூச்சும் ஈரச் சட்டைகளின் வாடையும் தேங்கிக் கிடந்தன, குழல்விளக்கு ஒன்று நின்று நின்று எரிந்தது. துஷாந்த் சேர் வாசித்தார். டெல்சியா என்றார். ஜெசிந்தினி பதில் சொன்னாள். அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

பின்கதவு திறக்கவில்லை. அதை அவள் நிச்சயமாகச் சொல்வாள். கதவு திறந்தால் கீல் சத்தம் போடும், போடவில்லை. ஆனால் வாங்கின் வலது முனை மெல்லத் தாழ்ந்தது. பலகை முனகியது. குளிர் அவள் வலது கையின் மயிர்களை ஒவ்வொன்றாக எழுப்பியது. காதோரம் மூச்சு. மண் வாடை.

"சொல்லிட்டியா?"

அவள் திரும்பவில்லை. கரும்பலகையில் இருந்த ஐந்தொகைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தை விடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சில் புரண்டது. அதைச் சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லிட்டேன்," என்றாள் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பெரகலைக்குப் பஸ் ஏறினாள். சந்தியில் ஒரு கடையின் பின்னறையில் நேசராணி வாடகைக்கு இருந்தாள். அறையில் ஒரு பாய், நிவாரணமாகக் கிடைத்த பாத்திரங்கள், மாதா படம். டெல்சியாவின் புகைப்படம்கூட இல்லை; எல்லாம் மண்ணுக்குள்.

தேத்தண்ணியை நீட்டிவிட்டு நேசராணி கீழே உட்கார்ந்தாள். "தூக்கமே இல்ல புள்ள. கண்ண மூடுனா வந்துர்றா. நெஞ்சு வரைக்கும் மண்ணு. போயிருடி கண்ணு, ஆண்டவருகிட்ட போயிருன்னு சொல்றேன். 'எப்பிடிம்மா போறது, கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க, நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க'ங்கறா."

ஜெசிந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். அவர்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால், அடக்கம் முடிந்த மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கங்காணி இறந்தவரின் பெயரையும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். யாரும் வாய் திறப்பதில்லை. கூடையைக்கூட அசைக்க மாட்டார்கள். அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் செத்தவர் புறப்பட்டுப் போவார் என்பார்கள். டெல்சியா படித்த பிள்ளை. பெரட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் பெயரைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வகுப்பறைதான் இருந்தது.

"அத்தே," என்றாள். "நான்தான் சொல்றேன். கிளாஸ்ல. அவ பேருக்கு."

மீதியையும் சொன்னாள். ஈரத்தை, வாங்கு தாழ்ந்ததை, காதில் கேட்டதை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நேசராணி அடிக்கவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல வந்து ஒக்கார்றாளா?"

"ஆமாங்க அத்தே."

"எப்பிடி இருக்கா? குளுருதுங்கறாளா?"

ஜெசிந்தினி தன் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். வெளியே சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் திரும்பின. கடைசியில் நேசராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ பேசாம இருந்துரு. பெரட்டுல இருக்கிற மாதிரி. ஒன் வாயால நீதான் அவள நிப்பாட்டி வச்சிருக்க, நீதான் அனுப்பணும். என்னால முடியல. பெத்த வாயி, அவ கூப்புட்டா 'ஏன் கண்ணு'ன்னு பதில் சொல்லிரும்."

செவ்வாய்க்கிழமை மாலை மழை தொடங்கியது. ஜெசிந்தினி வாங்கைத் துடைக்கவில்லை. நேசராணி முந்தானையை வைத்ததுபோலத் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். துஷாந்த் சேர் வாசிக்கத் தொடங்கினார். ஜெசிந்தினியின் பெயர் முதலில் வந்தது. கையை மட்டும் உயர்த்தினாள்.

"டெல்சியா."

தகரக் கூரையில் மழை. குழல்விளக்கின் ரீங்காரம்.

"டெல்சியா?"

பலகை தாழ்ந்தது. தோளோடு தோள் உரசியது. ஈரம் சட்டையைத் தாண்டி வந்தது. துணியைக் கடித்தாள். சொல்லாதே. கண்ணில் நீர் வழிந்தது. சொல்லாதே. நாக்கு தானாக மேலெழுந்தது. பல்லால் அழுத்தினாள். போயிரு. போயிரு, என் கண்ணு.

"ஆப்சன்ட்," என்றார் துஷாந்த் சேர். பேனா கீறியது.

முடிந்தது.

பலகை உயரவில்லை.

அவள் காத்திருந்தாள். உயரவில்லை. தோள் விலகவில்லை. அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

கூந்தலில் தேயிலை வேர்கள். மூடாத கண்களின் ஓரம்வரை செம்மண். அந்தக் கண்கள் அவளைக் கெஞ்சின. பிறகு சேரின் மேசைப் பக்கம் திரும்பின. வாய் திறந்தது. தானே 'ப்ரசன்ட்' சொல்லப் பார்த்தது. குரல் வரவில்லை. மண் வந்தது. ஈரமண், கட்டி கட்டியாக, மடியில்.

"நளீரா."

"ப்ரசன்ட் சேர்."

அந்தப் பெயருக்கும் வாய் திறந்தது.

"ஷிபான்."

"ப்ரசன்ட்."

திறந்தது. மண் விழுந்தது. யாரும் திரும்பவில்லை. அடுத்த பெயர். திறந்தது. அதற்கடுத்தது. எந்தப் பெயராக இருந்தாலும் போதும் என்பது போல, ஒவ்வொன்றுக்கும், இன்னும் அகலமாக.

கடைசிப் பெயரும் முடிந்தது. துஷாந்த் சேர் சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் பக்கம் திரும்பினார். கூப்பிட இனி யாரும் இல்லை.

வாய் மூடவில்லை. அவள் பக்கம் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக, அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு, திறந்தே இருந்தது.