நாலாவது சக்கரம்

மூன்று சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் பத்துப் பன்னிரண்டு மிதியில் காற்று வெளியேறிவிட்டது. ஓட்டுபவர் பக்கத்து முன்சக்கரத்தில் மட்டும் நாற்பதைத் தாண்டியும் குமிழிகள் நிற்கவில்லை.

மெக்கானிக் காருக்கடியில் மல்லாந்து படுத்திருந்தார். மேலே, அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கையில் தம்பி மகள். இவர் “அமுக்கு” என்றால் அவள் பிரேக்கை மிதிக்க வேண்டும். இவர் சக்கரத்துப் பின்னாலிருக்கும் திருகைத் திறந்து, பிரேக் ஆயிலோடு காற்றும் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கியதும் மூடிவிட்டு, “விடு” என்பார்.

“பெரியப்பா, ஒரு காலு மட்டும் பயில்வான் கால் ஆயிடும் போல” என்றாள். அப்பாவின் காரை நாளைக்கு அவள்தான் ஓட்டப்போகிறாள்.

எட்டு மாதத்துக்கு முன் இதே ஷெட்டில் மிதித்தவன் அவள் அப்பா, இவருடைய தம்பி. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதென்று அன்று இவர் நாலாவது சக்கரத்தைத் தொடாமலே காரை இறக்கிவிட்டார். மிதி மெத்தென்று இருக்கிறதே என்றவனிடம், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றார். சரிவில் கார் நிற்கவில்லை; தம்பி பிழைக்கவில்லை. அவன் எப்பவும் வேகம்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். இவளிடமும். நசுங்கிய காரை இவரே நிமிர்த்தி எடுத்தார். இந்த முறை ஒரு குமிழிகூட மிஞ்சக் கூடாது.

மத்தியான வெயிலில் தகரக் கூரை படபடத்தது. சூடான ரப்பரும் ஆயிலும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. மிதியின் ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் மெல்லக் கிரீச்சிட்டுக் கீழே வந்து, இவர் சொன்னதும் மேலே போனது.

“அமுக்கு.”

இறங்கியது.

“விடு.”

ஏறியது.

ஷெட்டை ஒட்டிய வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். அவள்தான். சமையலறை ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

எப்போது இறங்கிப் போனாள்?

ஸ்பிரிங் கிரீச்சிட்டது. இவர் சொல்லவில்லை.

திருகு தானாகத் திறந்திருந்தது. மூடப் பார்த்தார். ஸ்பானர் அசையவில்லை. பாட்டில் நிறைந்தது. வழிந்தது. குமிழிகள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தூங்குகிறவன் மூச்சு மாதிரி.

மேலிருந்து, கோபமே இல்லாமல்:

“அண்ணா, இன்னும் மெத்துன்னுதான் இருக்கு.”

மிதி அடிவரை இறங்கி அங்கேயே நின்றது. கார்க் கதவுக்கு வெளியே ஒரு கை தொங்கியது. விரல் முட்டிகளில் கண்ணாடித் தூள் மின்னியது. இவர் “விடு” என்று சொல்வதற்காக அது காத்திருந்தது.