பன்னிரண்டாவது சீட்டு

"உன் பேரு இல்ல, இங்குன்."

ஸ்டைனார் அழைப்பு அட்டையை மேசைமேல் மனைவி பக்கமாகத் தள்ளி வைத்தார். தங்கை மகள் யோருனுக்கு மே மாதம் பத்தாம் தேதி தேவாலயத்தில் ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனை, பிறகு வீட்டில் விருந்து. 'அன்புள்ள அண்ணனுக்கு' என்று தொடங்கியது அட்டை. அண்ணனோடு முடிந்தும் போயிருந்தது.

இங்குன் ரொட்டித் துண்டின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. யோருனுக்கு நான் பின்னின வெள்ளைக் கையுறை அலமாரியில இருக்கு. யார் பின்னினதுன்னு சொல்ல வேண்டாம்."

"மூணு வருஷம்! மூணு வருஷமா நானும் பாக்கறேன்... ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போற சண்டை! 'உன் புருஷனை நான் எச்சரிச்சேன், அவன்தான் கேக்கல'ன்னு அவகிட்ட சொல்லித் தொலையேன்!"

"நான் எச்சரிச்சேன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா?"

ஸ்டைனார் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். உண்மைதான். அவள் சொன்னதில்லை. அவராக நினைத்துக்கொண்டதுதான்.

இங்குன் கைகூப்பி, கண்மூடி, உணவுக்கு நன்றி சொன்னாள். அந்த ஜெபத்தின் கடைசியில் வழக்கம்போல ஒரு பெயர் இருந்தது. ரன்வெய்.

குன்றின் மேலிருந்த மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் அறை இங்குனுடையது. இருபத்தாறு வருடங்களாக அந்த நீரிணையின் இரு கரைகளிலும் அவள் ஊசி படாத கை குறைவு. சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். இங்கே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே பேசமாட்டேன், வேலையை விட்ட பிறகும், நோயாளி இறந்த பிறகும். எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில் அந்தக் கையெழுத்தின் கனம் அன்று அவளுக்குத் தெரியாது.

ஸ்டைனாரின் தங்கை ரன்வெய்யின் கணவன் லைஃப் அவளிடம் பதினோரு வாரம் வந்தான். இதயக் கோளாறு. ஒவ்வொரு முறையும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இங்குன் சொன்னாள்: "ரன்வெய்கிட்ட சொல்லிடுங்க, லைஃப்." ஒவ்வொரு முறையும் அவன் சிரித்தான். "கிறிஸ்துமஸ் போகட்டும் இங்குன். பண்டிகையில அவ முகம் வாடக்கூடாது." டிசம்பர் பத்தொன்பதாம் தேதி படகுக் கொட்டகையில் வலை உலர்த்தும்போது விழுந்தான். எழவில்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், அவனுடைய கடல் சட்டையின் பையிலிருந்து ரன்வெய்க்குப் பதினோரு சீட்டுகள் கிடைத்தன. ரத்தம் எடுத்த தேதி, நேரம், கீழே எடுத்தவரின் கையெழுத்து. பதினொன்றிலும் இங்குன்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் வீட்டு மேசையில உக்காந்து சாப்பிட்டீங்களே! என் முகத்தைப் பாத்துச் சிரிச்சீங்களே! தெரிஞ்சிருந்தா நான் அவரைத் தூக்கிட்டாவது ஓடியிருப்பேனே..." என்று உறவினர் எல்லோர் முன்னாலும் ரன்வெய் கதறினாள். இங்குன் தலை குனிந்து நின்றாள். ஒரே ஒரு வாக்கியம் அவளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதல்ல. லைஃபினுடையது. அவனோ மண்ணுக்குள் இருந்தான்.

அன்றிலிருந்து ரன்வெய் அவளை 'அண்ணி' என்று அழைக்கவில்லை.

அழைப்பு வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த முற்பகலில், இங்குனின் அறைக் கதவு திறந்தது. தலைமுடியிலிருந்து நீர் சொட்ட ரன்வெய் நின்றாள். மருத்துவமனை வாசலில் யாருடைய கார் நிற்கிறது என்று ஊரே படிக்கும். அதனால் அவள் காரைக் கீழே மளிகைக்கடையில் விட்டுவிட்டு நடந்து ஏறியிருந்தாள்.

"வேற யாரும் இல்லையா?" என்றாள் ரன்வெய்.

"இன்னொருத்தி லீவு. வேணும்னா வியாழக்கிழமை வரலாம்."

"...வேண்டாம். எடுங்க."

"பேரு, பிறந்த தேதி சொல்லுங்க."

"விளையாடறீங்களா? இருபது வருஷம் என் பிறந்தநாளுக்குக் கேக் செஞ்சு கொண்டுவந்தவங்க நீங்க!"

"எல்லாரையும் கேக்கணும். அரசரே வந்தாலும் கேப்பேன்."

ரன்வெய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். திரையில் மருத்துவர் எழுதியிருந்தது தெரிந்தது: மார்பில் கட்டி, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை. அறுவை சிகிச்சைத் தேதி மே பதிமூன்று. விருந்து முடிந்து மூன்றாம் நாள்.

இங்குன் ரன்வெய்யின் கையைத் தடவிப் பார்த்தாள். குளிரில் நரம்பு ஒளிந்துகொண்டிருந்தது. வெந்நீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டி, இரண்டு நிமிடம் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்திருந்தாள். குத்தியபோது வலிக்கவேயில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கதவருகே ரன்வெய் திரும்பினாள். "யோருனுக்குத் தெரியாது. அவ நாள் நல்லபடியா முடியட்டும்னு..." பாதியில் நின்றாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவளுக்கே எங்கோ உறைத்ததுபோல் இருந்தது. தலை குனிந்து வெளியேறிவிட்டாள்.

அந்த ஊரில் செய்தி படகுக்கு முன்னால் கரை சேரும். ரன்வெய் காத்திருந்தாள். பழிவாங்க இதைவிட நல்ல தருணம் இங்குனுக்கு வாய்க்குமா? புதன் போயிற்று, வியாழன் போயிற்று. ஞாயிறன்று ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது யாராவது பரிதாபமாகத் தோளைத் தொடுவார்கள் என்று பயந்தாள். யாரும் தொடவில்லை. உருளைக்கிழங்கு நடுவதைப் பற்றித்தான் பேசினார்கள்.

திங்கட்கிழமை தொலைபேசி அலறியது. அண்ணன்!

"உனக்கு என்னடி ஆச்சு? மழையில நீ குன்று ஏறினதைப் படகுல ஒருத்தன் பாத்திருக்கான். பல் டாக்டர்கிட்ட போறேன்னுதானே எங்கிட்ட சொன்ன? பல் டாக்டர் குன்று மேலயா இருக்கார்?"

"வீட்டுல அவங்க என்ன சொன்னாங்க?"

"அவளா? அந்தக் கல்லுகிட்ட கேட்டேன்! 'என் சொந்தத் தங்கச்சிடி, அவ அங்க வந்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு'ன்னு கெஞ்சினேன். 'சூப் ஆறிடும், சாப்பிடுங்க'ங்கறா! கோபத்துல நான் சாப்பிடாம எழுந்துட்டேன். உக்காந்து கண்ணீர் விடறா, ஆனா வாய் திறக்க மாட்டேங்கறா! உன் விஷயத்துல அவ இன்னும் வன்மம் வெச்சிருக்கா போல..."

"அண்ணா..." ரன்வெய் எழுந்துவிட்டாள். "அதுக்குப் பேரு வன்மம் இல்ல. ஃபோனை வைங்க. நான் வரேன்."

இங்குன் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டாமலே ரன்வெய் உள்ளே வந்தாள். மூன்று வருடம் கழித்து அந்த வாசற்படியில் அவள் கால். மேசைமேல் பதினோரு பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கினாள். கடைசியில் புதிதாக ஒன்று, பன்னிரண்டாவது.

"பதினொண்ணைத்தான் நான் இத்தனை நாள் படிச்சேன், அண்ணி. இந்தப் பன்னிரண்டாவது என் கைக்கு வந்தப்பறம்தான் எனக்குப் படிக்கவே தெரிஞ்சுது."

அண்ணி! இங்குனின் கையிலிருந்த துணி நழுவியது.

ரன்வெய், வாசலில் திகைத்து நின்ற அண்ணனைப் பார்த்தாள். "எனக்குக் கட்டி இருக்கு அண்ணா. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க, குணமாயிடும்னு டாக்டர் உறுதியாச் சொல்றார். சொல்ல வேண்டியது நான், அதனால நான் சொல்றேன். யோருன்கிட்ட விருந்து முடிஞ்ச மறுநாள் சொல்வேன். அதுவரைக்கும் உங்க வாயும் இவங்க வாய் மாதிரி இருக்கணும். முடியுமா?"

ஸ்டைனார் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பிறகு மனைவியிடம் வந்து, "ஆறின சூப் இருக்கா, இங்குன்?" என்றார்.

"இருக்கு. சூடு பண்ணித் தரேன்," என்றாள் அவள்.

"அண்ணி, விருந்துக்குப் பாதாம் வளையக் கேக் வேணும்," என்றாள் ரன்வெய். "பதினெட்டு வளையம் அடுக்கணும். நம்ம குடும்பத்துல அதை வேற யாரு செஞ்சிருக்காங்க?"

"பன்னிரண்டாவது வளையம் எப்பவும் எனக்குக் கோணிக்கும், பரவாயில்லையா?"

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

மே பத்தாம் தேதி கேக் கோபுரம் மேசை நடுவில் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. வெள்ளைக் கையுறையை யோருன் விருந்து முழுக்கக் கழற்றவில்லை. "அத்தை பின்னினது!" என்று எல்லோரிடமும் நீட்டிக் காட்டினாள். விருந்தில் பேச எழுந்த ரன்வெய், மகளை வாழ்த்திவிட்டு இங்குன் பக்கம் திரும்பினாள்.

"அடக்கத்துக்கு அப்பறம் உங்க எல்லார் முன்னாலயும் நான் இவங்க மேல ஒரு பழி போட்டேன். இன்னைக்கு உங்க எல்லார் முன்னாலயும் அதைத் திரும்ப எடுத்துக்கறேன். தன்னைக் காப்பாத்திக்க இவங்ககிட்ட வார்த்தை இருந்துச்சு. அதை இவங்க செலவழிக்கல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். இங்குன் மட்டும் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைகளைக் கோத்தபடி.

மாலை வெயிலில் இருவரும் பாத்திரம் கழுவினார்கள். ரன்வெய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி... அந்தப் பதினோரு வாரத்துல, அவர் என்னைப் பத்தி ஏதாவது..."

இங்குனின் கைகள் நுரைக்குள் நின்றன. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த சொல், இதோ நுனிநாக்கில்!

ரன்வெய் சட்டென்று ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம். சொல்லாதீங்க. பதிமூணாம் தேதி நான் அந்தக் குன்று ஏறணும். அங்க வாய் திறக்காத இதே அண்ணி இருக்கணும்."

இங்குன் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஈரமான இரண்டு பேர், சோப்பு நுரையோடு, அழுதபடி நின்றார்கள்.

"துண்டை வெந்நீர்ல நனைச்சு வைக்கிறேன்," என்றாள் இங்குன். "இந்தத் தடவை காரை வாசல்லயே நிறுத்து."