பதினோராம் அத்தியாயத்தில் அண்ணி

"இன்னுமா முடியலை? ஒரு வாரமா இதையே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே அண்ணி! பிரெஸ்காரர் போன் மேல போன் பண்றார்!"

பல் துலக்கிய கையோடு பாப்பா ஆரம்பித்துவிட்டாள். டீ இன்னும் கொதிக்கக்கூட இல்லை.

அண்ணி அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தாள். அவள் எல்லோருக்கும் அண்ணிதான். பால் போடுகிறவருக்கும் அண்ணி, மாடி வீட்டுக்காரருக்கும் அண்ணி. மருமகளாக வந்த புதிதில் பாப்பா வாய் நிறைய அப்படிக் கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது.

பாப்பா என்றதும் தொட்டில் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணியின் கணவருக்கு ஒரே தங்கை. ஐம்பதை நெருங்குகிறவள். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. இப்போது தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தன் சேமிப்பைப் போட்டுத் தானே புத்தகமாகக் கொண்டுவரப் போகிறாள்.

அந்தப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்ப்பவள் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவள். எத்தனையோ பேருடைய முதல் புத்தகம் அவள் கையைத் தாண்டித்தான் போனது. அதில் பாதி, கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் பாப்பா எழுத ஆரம்பித்த நாளிலேயே உட்காரவைத்து நாலு வார்த்தை சொன்னாள்.

"எழுதின சூட்டோட அச்சுக்குக் குடுத்துடாதே பாப்பா. கொஞ்ச நாள் பீரோவுல போட்டு வை. அப்புறம் எடுத்தா வேற யாரோ எழுதின மாதிரி படிப்ப. நம்ம வீட்டு ஆளா இல்லாத ஒருத்தர்கிட்ட குடுத்து, முகத்துக்காகச் சொல்லாம உள்ளதைச் சொல்லுங்கன்னு கேளு. முதல்லயே ஆயிரம் அடிக்காதே, அம்பது அடிச்சுப் பாரு. முக்கியமா, உயிரோட இருக்கறவங்களைப் பத்தி எழுதினா அவங்ககிட்ட காட்டிட்டு அச்சேத்து. பெரிய பதிப்பகம் போட்டா, தடுத்து நிறுத்த நாலு பேர் இருப்பாங்க. நீயே போட்டா எல்லாம் உன் தலையிலதான் விடியும்."

நல்லதைத்தான் சொன்னாள். பாப்பாவுக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா?

"ஓஹோ... எங்க உங்க வண்டவாளம் வெளியில வந்துடுமோன்னு பயமா அண்ணி? புத்தி சொல்றேன்னு என் வாயை மூடப் பார்க்கறீங்களா? அன்னிக்கு மூடினது போதாதா!"

அதோடு அண்ணி புத்தி சொல்வதை நிறுத்திக்கொண்டாள். 'அன்னிக்கு' என்று ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுரிமை கிடையாது.

இப்போது அந்த 'அன்னிக்கு' நடந்ததுதான் பதினோராம் அத்தியாயமாக மேஜையில் கிடந்தது. பாப்பாவும் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரும் ஒருவரையொருவர் விரும்பியது, பேசி முடிக்கப் போன அண்ணி அவரை விரட்டிவிட்டு வந்தது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதியிருந்தாள். 'அவர் படிக்கட்டில் சரிந்து குழந்தையைப் போல் அழுதார். அந்தக் கல்நெஞ்சுக்காரியின் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.'

அண்ணி அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். 'சொட்டு' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்தாள்.

டீக்காக வந்த கணவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முழுப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அவள் வாய்விட்டு எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். இன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டாள். "என்னங்க... இது அச்சாகிடும். ஊர்லேருந்து வர்றப்போ நம்ம பையன் படிப்பான். அவன் பொண்டாட்டி படிப்பா. அவ நம்ம குடும்பத்துக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை..."

"அதுக்கு? நீ செஞ்சதைத்தானே எழுதியிருக்கா?" அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். "அம்மா சாகற வரைக்கும் உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கலை. சும்மாவா? அவ வாழ்க்கையே போச்சு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சப் பக்கங்களையும் பார்த்து முடித்தாள். பாப்பா வந்து புரூஃப் கட்டை வாங்கிப் புரட்டினாள்.

"எதையும் மாத்தலையே?"

"எழுத்தைத்தான் திருத்தினேன். உன் கதையில கை வைக்க நான் யாரு?"

பாப்பாவுக்கு அந்தப் பதில் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

மத்தியானம் பிரெஸ்காரர் போன் செய்தார்.

"அண்ணி, உங்க நாத்தனார் வந்துட்டுப் போனாங்க. கதையில வர்றவங்க நிஜ ஆளுங்களான்னு கேட்டேன். ஆமாம்னாங்க. 'பதிப்பாளர்னு உங்க பேர்தான் போடுவேன், நாளைக்கு ஒருத்தன் சண்டைக்கு வந்தா நான் வரமாட்டேன், அவங்ககிட்ட காட்டிட்டு வாங்க'ன்னு அவங்ககிட்ட சொன்னேன். நீங்க எப்பவும் சொல்றதுதானே! ஏதோ ஸ்டுடியோக்காரராமே? சந்தோஷமா கிளம்பினாங்க. அவர் இதைப் படிச்சா கலங்கிடுவார்னு சொன்னாங்க."

அண்ணி போனை வைத்துவிட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி... புத்தி சொன்னபோது அந்தக் கதையில் ஸ்டுடியோக்காரர் வருவார் என்று அவளுக்குத் தெரியாதே! தெரிந்தபின் 'காட்டு' என்ற வார்த்தையையே அவள் எடுக்கவில்லையே! சொன்னது இப்போது சுற்றிக்கொண்டு போய் எங்கே நிற்கிறது பாருங்கள்.

காலையில் அந்தப் பக்கம் அச்சாகிவிடும் என்று பயந்தாள். அது சின்ன பயம். அது பொய் என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் பெரிய பயம்.

ஆமாம், பொய்தான். அன்றைக்கு அவள் அவரை விரட்டவில்லை. பேசி முடிக்கத்தான் போனாள். ஸ்டுடியோ மாடிப்படியில் நின்று, பாப்பாவைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். "அட, நாலு இடத்துக்குச் சேர்ந்து போனோம், சிரிச்சுப் பேசினோம். அதுக்காகக் கட்டிக்கணுமா?" என்று அவர் சிரித்தார். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள், கெஞ்சினாள். வாடிக்கையாளர் வருகிறார் என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பாப்பா. இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக நிற்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து, அவனுக்கு நீ வேண்டாமாம் என்று எப்படிச் சொல்வது? "எனக்குப் பிடிக்கலை, நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அவள் கல்நெஞ்சுக்காரி.

சாயங்காலம் பாப்பா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புரூஃப் கட்டை மார்போடு அணைத்தபடி கூடத்தின் நடுவில் நின்றாள். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் படிச்சார்," என்றாள். குரல் ஏதோ கிணற்றிலிருந்து வருவதுபோல் இருந்தது. "படிச்சுட்டுச் சிரிச்சார் அண்ணி... நல்லா எழுதியிருக்கே, ஆனா நான் எங்க அழுதேன்னார். அழுதது உங்க அண்ணிதானேன்னார்! படியில உட்கார்ந்து அந்தம்மா அழுத அழுகையில எனக்கே சங்கடமாப் போச்சுன்னார்!"

"பாப்பா... முதல்ல உட்காரு. தண்ணி குடி."

"தண்ணி வேண்டாம்! ஏன் அண்ணி பொய் சொன்னீங்க? எதுக்கு? உங்களை யார் கேட்டா?"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னை வெறுத்தா பரவாயில்லைன்னு நினைச்சேன். என்னை வெறுத்துக்கிட்டே நீ சாப்பிடுவ, தூங்குவ, வேலைக்குப் போவ. அவன் வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சா உன்னையே வெறுத்திருப்ப. அன்னிக்கு நீ இருந்த இருப்புல... எனக்குப் பயமா இருந்தது பாப்பா."

"பயமா? ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தா, ரெண்டு மாசம் அழுதுட்டு அவனைத் தூக்கிப் போட்டிருப்பேனே! வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சேன். அவன் எனக்காக உருகிக்கிட்டிருக்கான்னு... அவனுக்குக் கல்யாணம் ஆனப்பகூட, வீட்டுல கட்டாயப்படுத்தியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். பைத்தியக்காரி! என்னை எங்கேயும் போகவிடாம அந்த வாசல்லயே நிக்க வெச்சுட்டீங்களே அண்ணி!"

ஒவ்வொரு வரனும் திரும்பிப் போனபோது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்ததும், சொல்லாமல் விழுங்கியதும் அண்ணிக்குத்தான் தெரியும்.

"தப்புதான் பாப்பா," என்றாள். "ஒரு வருஷத்துல சரியாகிடுவன்னு நினைச்சேன். நீ அவனையே நினைச்சு உட்கார்ந்துடுவன்னு நினைக்கலை. அப்புறம் சொல்லலாம்னா... எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

டிவி எப்போது நின்றது என்று தெரியவில்லை. கணவர் எழுந்து வந்திருந்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா நீங்க அவன் சட்டையைப் பிடிச்சிருப்பீங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"காலையிலகூட நான் உன்னை..."

"இன்னிக்கு மட்டுமா சொன்னீங்க?" என்றாள் அண்ணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார்.

பாப்பா அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. "அம்மா..." என்றாள். "ஐயோ, அம்மாகிட்ட இனிமே எப்படிச் சொல்லுவேன்! நீங்க டம்ளரை நீட்டினா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களே... நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேனே... சரிதான், வேணும்னு நினைச்சேனே அண்ணி!" கட்டு கையிலிருந்து நழுவித் தாள்கள் கூடமெங்கும் சிதறின. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அண்ணி தாள்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிவைத்தாள்.

மறுநாளிலிருந்து பாப்பா ஆபீஸுக்கு லீவு போட்டாள். வைத்ததைச் சாப்பிட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள். புத்தகம் வேண்டாம் என்று பிரெஸ்காரரிடம் சொல்லிவிடுவாள் என்றுதான் அண்ணி நினைத்தாள். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த வார முடிவில், விடிந்ததும் விடியாததுமாகப் பாப்பா வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கிக்கிடந்தன. மேஜையில் சில தாள்களை வைத்தாள்.

"பதினொண்ணு. திரும்ப எழுதிட்டேன்."

அண்ணி நின்றபடியே முதல் வரியைப் படித்தாள். 'அன்று அந்தப் படிக்கட்டில் அழுதவர் அவர் அல்ல, என் அண்ணி.' அதற்கு மேல் படிக்காமல் கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் பாப்பா. சொன்னாக் கேளு. அந்த அத்தியாயத்தையே எடுத்துடு. உன்னை ஒருத்தன் வேண்டாம்னு சொன்னதை நீயே அச்சடிச்சு ஊரெல்லாம் குடுக்கணுமா? உன் ஆபீஸ்ல படிப்பாங்க. சொந்தக்காரங்க சிரிப்பாங்க..."

"சிரிக்கட்டும். உங்களைக் கல்நெஞ்சுக்காரின்னு சொன்ன ஒவ்வொருத்தர் கையிலயும் நானே கொண்டுபோய்க் குடுப்பேன். உங்க மருமக கையிலதான் முதல் புத்தகம்." என்றாள் பாப்பா. "உங்க மேல கோபம் போகலை அண்ணி. போகுமான்னும் தெரியலை. என் வாழ்க்கை போனது போனதுதான். ஆனா பொய்யை என் காசு போட்டு அச்சடிக்க மாட்டேன். நீங்க சொன்ன மாதிரி அம்பதுதான் அடிக்கப் போறேன்."

கணவர் வாசற்படியில் நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை.

"பிழை இருந்தா பாருங்க," என்று பாப்பா சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

அண்ணி உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பேனாவைத் திறந்து முதல் வரியில் வைத்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் கலந்தன. தன்னைத் திட்டிய பக்கத்தை ஒரு புள்ளி விடாமல் திருத்திக் கொடுத்தவள், இந்தப் பக்கத்தில் ஒரு வரி தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால முடியலைம்மா," என்றாள். "இதை வேற யார்கிட்டயாவது குடு..."

அத்தனை வருஷமும் அந்த வீட்டில் யாரும் பார்த்திராத அழுகை வந்தது. பாப்பா தாள்களை நகர்த்திவிட்டு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.