குறுக்கிடாதவர்கள்

அவள் பேசி முடிக்கும்வரை தங்கை குறுக்கே பேசவில்லை. பிறந்ததிலிருந்து அக்காவை ஒரு வாக்கியம்கூட முழுசாகச் சொல்ல விடாதவள், இன்று மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, இமைக்காமல், கடைசிச் சொல்வரை கேட்டாள். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும்.

கணவன் இறந்த எட்டாம் மாதம் தங்கை இந்தப் பெண்கள் கூட்டத்தோடு சேர்ந்து இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு வயது மகள் பெரியம்மாவான அக்காவிடம் வளர்ந்தாள். இப்போது அவளையும் இங்கே அனுப்பச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தார்கள். குழந்தையை அனுப்புவதாவது, தாயையே திரும்பக் கூட்டிப்போகத்தான் அக்கா வந்திருந்தாள். குடிநீர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகத் தொலைபேசியில் புகார் கேட்கிறவள். ஊர்க் குழாய்களெல்லாம் அவள் காதில்தான் ஒழுகின. பேச்சில் மயங்குகிற ஆள் தான் இல்லை என்று நினைத்திருந்தாள்.

"அவர் போனப்ப வீடு நிறைய ஆளுங்கக்கா. எல்லாரும் பேசினாங்க. நீயும்தான் பேசின. நான் என்ன சொல்றேன்னு ஒருத்தராவது காது குடுத்தீங்களா?"

உள்ளேயிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஏழு பேர். காயாத துணியின் வாடை. உபதேசம் செய்வார்கள், மடக்க வேண்டும் என்று வழியெல்லாம் அக்கா வாதங்களைச் சேர்த்து வந்திருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் மூத்தவள் மட்டும் கேட்டாள்.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா?"

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முதுகுவலியைச் சொன்னாள். திட்டிவிட்டு வைத்துவிடும் குரல்களைச் சொன்னாள். தூக்கத்திலும் காதுக்குள் அடிக்கும் மணியைச் சொன்னாள். ஜன்னல் வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகியது. இதற்காகத்தான் தங்கை இங்கே கிடக்கிறாள் என்று புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. நிறுத்தினாள்.

ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. பேசினால்தான் காற்று வந்தது.

"சில நாள் பாப்பா பாரமா இருக்கா" என்றது அவள் குரல்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. தங்கை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவ இப்ப எங்கக்கா?"

சொல்லக் கூடாது. சொன்னாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம். அம்மாவே வந்து கூப்பிட்டாலும் போகாதே, நம் ரகசிய வார்த்தையைச் சொல்கிறவரோடு மட்டும் போ என்று காலையில்தான் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதையும் சொன்னாள்.

"என்ன வார்த்தைக்கா?"

பற்களைக் கடித்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். காற்று இல்லை. கொஞ்சமும் இல்லை. உள்ளே நாக்கு தானாகப் புரண்டது.

எதிரே ஏழு வாய்களும் மெல்லத் திறந்து, அவள் இன்னும் சொல்லாத அந்த வார்த்தையின் முதல் எழுத்துக்கு உதடு குவித்தன.