கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறீங்களா

மதிப்பெண்ணுக்காகச் சேவை செய்ய வந்தவர்களில் அக்காவும் ஒருத்தி. கல்லூரி வேன் முதியோர் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டதுமே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. முதலாமாண்டு படிக்கும் தங்கையோ, கேட்காமலே ஓடி ஓடி உதவுகிற ரகம். துவைத்த போர்வைகளை மடிக்கும் வேலை இருவருக்கும் கிடைத்தது. தங்கையை அதில் மாட்டிவிட்டு அக்கா மெல்ல நழுவினாள்.

மாடிக் கோடியில் ஓர் அறை. டெட்டால் வாடை, அதோடு ஈரச் சுவரின் வாடை. கட்டிலருகே ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து நீண்ட, சுருக்கம் விழுந்த கை ஒன்று அவள் கையைப் பற்றியிருந்தது.

"கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறீங்களா?" என்றாள் அந்த மாணவி, மிக மெதுவாக.

உட்கார்ந்தே செய்கிற சேவை அக்காவுக்குக் கசக்குமா? பிடித்துக்கொண்டாள். அவள் எழுந்து ஓடினாள். அவள் அழுதுகொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது.

கை சில்லிட்டிருந்தது. மூச்சுச் சத்தமே இல்லை. அக்கா தலையணையைப் பார்த்தாள்.

தலை இல்லை.

போர்வை தட்டையாகக் கிடந்தது. அதற்கடியில் யாருமே இல்லை.

உதறினாள், இழுத்தாள். பிடி இறுகியதே தவிர விடவில்லை. அப்போது நர்ஸ் உள்ளே வந்தார். அக்கா கத்த வாயைத் திறந்தாள்.

"கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறீங்களா?"

அதுதான் வந்தது. நர்ஸ் காதில் அதுவும் விழவில்லை. காலி நாற்காலியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

"அக்கா, இங்கயா இருக்க? எல்லாரும் ஏறியாச்சு."

வாசலில் தங்கை. நர்ஸுக்குத் தெரியாவிட்டாலும் இவள் கண்ணுக்குத் தெரிகிறோம். ஒரு வார்த்தை கேட்டால் போதும், இவள் மறுக்கவே மாட்டாள். இவளை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஆசை வந்ததற்காக அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உதட்டைக் கடித்து வாயை மூடினாள். போய்விடு என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"கை வலிக்குதா? கொடு, நான் பிடிச்சுக்கறேன்."

அக்கா குறுக்கே சாய்ந்து மறைத்தாள். உதட்டில் ரத்தம் கசிந்தது. தங்கையின் முகம் வாடியது.

"சரி, கோவிச்சுக்காத. நான் கீழ போறேன்."

அவள் திரும்பி நடந்தாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கட்டிலின் மறுபக்கம் போர்வை சரசரத்தது. தங்கை நின்று பார்த்தாள்.

இன்னொரு கை மெல்ல வெளியே வந்து, அவளை நோக்கி நீண்டது.

"ஐயோ பாவம்," என்றபடி தங்கை அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.