பிலோமி போன விடியற்காலை

வெந்நீரும் வெள்ளைத் துணியுமாக ஞானபாக்கியம் கட்டிலருகே வந்து உட்கார்ந்ததும், மாமியார் அந்தோணியம்மாள் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது. சர்க்கரை வியாதியால் ஆறாத கால் புண்ணை மருமகள் கழுவிக் கட்டுவாள். மாமியார் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"என் மவ கை பட்ட கால். அவளை வெரட்டிட்டு நீ தொடுதியோ?" என்று முதல் நாள் கேட்டதுதான் கடைசிப் பேச்சு.

மகள் பிலோமி நர்ஸ். எழுபத்திரண்டாம் வருஷம், சண்டை ஓய்ந்த வங்காள தேசத்துக்குச் சம்பளமில்லாமல் தொண்டு செய்யப் போகிற குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவளுக்கு அதே நினைப்பு. தாயில்லாப் பிள்ளைகள் அங்கே கூடாரங்களில் பேதியில் சாகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். குழுவில் இடம் கிடைத்த பிறகும் அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சங்கு குளிக்கப் போன மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்தவள் அந்தோணியம்மாள்.

"அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா நான் நின்னுருவேன், மயினி. ஆனா நான் போயிட்டா அவ காலை யாரு பாப்பா... அத நெனச்சா போகாண்டாம்னு இருக்கு" என்றாள் பிலோமி, அண்ணி ஞானபாக்கியத்திடம்.

"நான் இருக்கேன்லா. ஒரு வருஷந்தானே, பிள்ள... போயிட்டு வா."

ஞானபாக்கியம் செய்த குற்றம் அவ்வளவுதான். பிலோமி சொல்லாமல் போன பிறகு பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. முந்தின வாரந்தான் ஏதோ சில்லறை விஷயத்துக்கு நாத்திக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை, தெருவே கேட்டிருந்தது. கொழும்புக்குத் தோணியில் போயிருந்த புருஷன் மரியானும் திரும்பி வந்து தாய் சொன்னதையே நம்பினான். 'மயினி மேல் தப்பில்லை' என்று பிலோமி எழுதிய கடிதத்தை வாசித்தபோதுகூட, "இவ சொல்லிக்குடுத்து எழுதுதா" என்றுவிட்டாள் அந்தோணியம்மாள். ஞானபாக்கியம் வாதாடவில்லை. பிலோமி வந்து தன் வாயால் சொல்லட்டும் என்று பொறுத்திருந்தாள்.

அன்றைக்குக் கட்டுப் போட்டு முடிக்குமுன் வாசலில் தந்திக்காரன் நின்றான்.

பிலோமிக்கு விஷக்காய்ச்சல். மூன்றே நாள். அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது.

முகம் பார்த்து அழ உடல்கூட இல்லாத துக்கவீடு. சொந்தக்காரப் பெண்கள் நிறைந்திருந்த கூடத்தில் மரியான் மனைவியைப் பார்த்துக் கத்தினான்.

"நீ மறிச்சிருந்தா என் தங்கச்சி இன்னைக்கு இங்கன இருந்திருப்பா. உன் மூஞ்சில முழிக்க முடியாது என்னால. மணப்பாட்டுக்கு உங்க அண்ணன் வீட்டுக்கே போயிரு."

அவள் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு மாமியார் முன் வந்து நின்றாள்.

"மருந்து அலமாரில இருக்கு, மாமி. நாள் தவறாம கெட்டச் சொல்லுங்க."

வாசற்படி தாண்டப் போனவளைக் குரல் தடுத்தது.

"ஏளா, நில்லு."

எட்டு மாதம் கழித்து அவளை நோக்கி வந்த சொல்.

"ஏலே மரியான், அவளைப் போகச் சொல்லாத. போகணும்னா நான்தான் போகணும்." அந்தோணியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு விடியக்காலம் பிலோமி பெட்டியோட என் கட்டில்கிட்ட வந்து நின்னா. குனிஞ்சு என் காலுல முத்தங்குடுத்தா. நான் முழிச்சுத்தான் கிடந்தேன்..."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பிள்ளேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா நின்னுருப்பா. தெனமும் செபத்துல அந்தப் பிள்ளையளுக்காக அவ அழுததக் கேட்டவ நான். கூப்பிட மனசு வரல. கண்ண மூடிக்கிட்டேன். விடிஞ்ச பொறவு தாங்க முடியல. நானே விட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்... அதான் இவளைச் சொன்னேன். இவ வாய் தொறக்கல. ஒருநாக்கூட வாய் தொறக்கல, லே."

மரியான் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

அந்தோணியம்மாள் மருமகளை நோக்கிக் கையை நீட்டினாள். "நாம ரெண்டு பேருந்தான அவளை அனுப்பினோம்?"

"ஆமா மாமி... நாமதான் அனுப்பினோம்."

தந்தி வந்ததிலிருந்து அழக்கூட உரிமையில்லாமல் நின்றவள், மாமியாரின் மடியில் முகம் புதைத்து, பிலோமி பேரைச் சொல்லி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.