ஏறி வந்த தெரு

அக்கா சொன்னது நர்சம்மாவின் காதில் முதலில் சரியாக விழவில்லை. பக்கவாதம் வந்து நான்கு வருடமாகக் கட்டிலோடு கிடப்பவள் அக்கா. பாதி வார்த்தையை நாக்கு விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடும். படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த நர்சம்மா ஈரக்கையோடு வந்து குனிந்தாள்.

"யாரோ நிக்கறாங்க" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி.

ஜன்னலின் மேல்பாதியில் காலை பதினோரு மணி வெயில். செருப்புகளும் சைக்கிள் சக்கரங்களும் போய்க்கொண்டிருந்தன. யாரும் நிற்கவில்லை.

"மேல இல்ல. கீழ."

கீழே ஆள் நிற்க இடமே கிடையாது. நர்சம்மா இந்த வீட்டுக்குக் குடிவந்த காலத்தில் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டியிருந்தது. அப்போது தெருவின் இரண்டு பக்கமும் தானிய மண்டிகள். சணல் சாக்கின் வாசமும் உமித்தூசியும் எந்நேரமும் மூக்கை அரித்துக்கொண்டிருக்கும், பேச்சுக்கு நடுவே தும்மாத மனிதனே தெருவில் கிடையாது. அப்புறம் தெரு ஏற ஆரம்பித்தது. பழைய ரோட்டைச் சுரண்டுவதற்குச் சோம்பேறித்தனப்பட்டு அதன் தலையிலேயே புது ஜல்லியைக் கொட்டி உருளையை ஓட்டினார்கள். மண்டிகள் இடிந்து ஜவுளிக்கடைகள் வந்தன, ஜவுளிக்கடைகள் இடிந்து கண்ணாடி மாடிகள் வந்தன, இடித்ததையெல்லாம் தெருவே தின்றது. ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு படி காணாமல் போயிற்று. இப்போது வீட்டுக்குள் வர ஐந்து படி இறங்க வேண்டும். ஜன்னலின் மேல்பாதியில் போகிற வருகிறவர்களின் கால்கள். கீழ்ப்பாதியில், ஒரு சாண் அகலச் சாக்கடை இடுக்குக்கு அப்பால், தெருவின் வெட்டுப்பட்ட விலா: கறுப்புத் தார், செங்கல் துண்டு, ஜல்லி, மறுபடியும் தார்.

நர்சம்மா கம்பியில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் அடுக்கில், வரிசையாக நான்கு உருண்டைக் கற்கள் துருத்திக்கொண்டிருந்தன. பெரியது ஒன்று, பிறகு ஒரு இடைவெளி, பிறகு சிறியவை மூன்று. சாக்கடை நாற்றத்தின் ஊடாக வேறொரு வாசம் லேசாக வந்தது. ஈரச் சணல்.

முப்பது வருடம் மூட்டை தூக்குகிறவர்களின் கால்களுக்குக் கட்டுப் போட்டவள் அவள். ஆணி குத்தியது, சக்கரம் ஏறியது, புரையோடியது என்று எல்லாக் கால்களும் இந்த வீட்டு முன்னறைக்குத்தான் வந்தன. முகம் மறந்துபோகும், கால் மறக்காது. இடது கால். இரண்டாவது விரல் கிடையாது. அந்த இடத்துக்கு இரண்டு மாதம் அவளே மருந்து வைத்திருக்கிறாள். ஒரே தடவையில் இரண்டு மூட்டை தூக்குவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்ததால் அந்தக் காலுக்குச் சொந்தக்காரனுக்கு ரெட்டைமூட்டை என்று பட்டப்பெயர்.

"கல்லுதான்" என்று சொல்லிவிட்டு விரிப்பைக் காயப்போடப் போனாள். கொடியில் போட்டதையே மறுபடி எடுத்துப் பிழிந்தாள்.

ரெட்டைமூட்டையும் இன்னும் இரண்டு பேரும் எதிர்மண்டிக் கிடங்குக்குள் சாப்பாட்டுக்குப் பின் தலைசாய்க்கப் போனதை மண்டிகள் இருந்த காலத்தில் இதே ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருந்தாள். அது மழைக்காலம். அரை மணி நேரத்தில் கிடங்கு உட்கார்ந்துவிட்டது. அதிகாரி வருவதற்கு முன்னால் மண்டிக்காரர் வந்தார். உள்ளே ஆள் இருந்ததாகத் தெரிந்தால் மண்டியை மூடிவிடுவார்கள், பார்த்தவள் நீ ஒருத்திதான், இந்த வீடும் என்னுடையதுதான் என்று மெல்லிய குரலில், கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னார். புருஷன் விரட்டிவிட்ட அக்கா அப்போதுதான் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள். மூன்று பேரும் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அதிகாரியிடம் நர்சம்மா சொன்னாள். அன்று பொழுது சாய்கிறவரை இடிபாட்டுக்குள் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது. ஓடு சரிகிற சத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். மறுவாரம் இடிபாட்டைத் தெருவில் பரப்பி உருளையை ஓட்டினார்கள். தெரு முதன்முதலாக ஏறியது அன்றுதான். அடுத்த மாதமே வீடு அவள் பேருக்கு மாறிவிட்டது.

கல் என்று சொன்னதற்கு மறுநாள், விரல்கள் கற்களைப் போல இல்லை. புறங்காலும், பக்கத்தில் வலது காலும் தெரிந்தன. நகங்கள் நீளமாக வளர்ந்து, அவற்றுக்குள் தார் அடைத்திருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி. மூன்றாம் நாள் இன்னொன்று. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி, எதற்கோ வரிசையில் நிற்கிறவர்களைப் போலப் பொறுமையாக நின்றன. ஐந்து படியும் ஏறி மேலே போய்ப் பார்த்தால் இடுக்கில் சாக்கடை மட்டும்தான் ஓடியது. எதிர்க்கடைப் பாத்திரக்காரர் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று எட்டு வருடமாக இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவர். ஜன்னல் பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று அவள் கேட்டதற்கு, கொப்பளித்துக்கொண்டிருந்த தண்ணீரை அந்த இடுக்கிலேயே துப்பினார்.

"வித்துட்டுப் போயிருந்தா இந்த வம்பே இல்லையேம்மா. வியாழக்கிழமை மறுபடி ரோடு போடறாங்க. உங்க ஜன்னலே இருக்காது. பொந்துல எலி மாதிரி கெடங்க."

அந்த வார்த்தை அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஜன்னலே இருக்காது என்பதுதான் காதில் நின்றது. நேராக ரோடு மேஸ்திரியைத் தேடிப் போனாள். வீட்டைப் புதைக்காதே என்று சண்டைக்கு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய அந்த மனிதர், அவள் கேட்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூடிட்டா காத்தே வராதேம்மா. உள்ள படுத்த படுக்கையா ஆள் இருக்காங்கன்னு சொன்னாங்க?"

"பரவால்ல. அந்த இடுக்க நல்லா குத்தி நெரப்பிடுங்க. கொஞ்சம்கூட சந்து விடாதீங்க."

வியாழக்கிழமை காலையிலேயே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். தூக்குவதற்கு யாரும் வரவில்லை. பாத்திரக்காரர் வேலை முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தெருவின் இரு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டதால் ஆம்புலன்ஸும் வர வழியில்லை. இரும்புக்கட்டிலைத் தனியாக இழுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நகர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டாள். சாத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே ஜல்லி கொட்டினார்கள். அதன் இரைச்சல் காதை அடைத்தது. தார் வாளியின் சூட்டு நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. இடுக்கில் மண்ணைப் போட்டு இரும்புத்தடியால் குத்தினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கட்டில் அதிர்ந்தது, அக்காவின் தலை தலையணையில் இப்படியும் அப்படியும் அசைந்தது. பிறகு உருளை வந்தது. கூரையிலிருந்து காரை உதிர்ந்தது. கதவுகளின் நடுவே நூலாக வந்துகொண்டிருந்த வெளிச்சம் மெலிந்தது, பாதியானது, அணைந்தது.

பட்டப்பகலில் இருட்டு.

உருளை தெருக்கோடிக்குப் போய்விட்டது. நர்சம்மா அக்காவின் நெற்றியில் விழுந்த தூசியைத் துடைத்தாள். முடிந்தது. இனி ஜன்னல் கிடையாது. சுவர்தான்.

தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஜன்னல் கதவின் அடிப்பக்கத்தில். மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று.

அக்கா கண்களை அகல விரித்துத் தங்கையைப் பார்த்தாள். இது ஓடு சரிகிற சத்தம் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. நர்சம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடமாக எவரிடமும் சொல்லாததை அந்த மரக்கதவிடம் சொன்னாள்.

"நான் பாத்தேன். நீங்க உள்ள போனத நான் பாத்தேன்."

தட்டல் நின்றது.

வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இதைத்தான் கேட்டார்கள் போலிருக்கிறது. இதற்குத்தான் காத்திருந்தார்கள். இவ்வளவுதானா?

தாழ் நகர்ந்தது.

உள்பக்கத் தாழ். யாரும் தொடவில்லை. துருப்பிடித்த இரும்பு கிறீச்சிட்டு மேலே ஏறியது. கதவுகள் உள்நோக்கித் திறந்தன. மண் சரிந்து விழும் என்று பின்வாங்கினாள். ஒரு பொடிக்கல்கூட விழவில்லை. கம்பிகளுக்கு அப்பால் கறுப்பு. சணல் வாசம், முகத்தில் துணியைப் போட்டு அழுத்தியதைப் போல.

கறுப்பிலிருந்து ஒரு கை வந்தது. கம்பிக்கு நடுவே, மணிக்கட்டு வரை. பிறகு முழங்கை வரை. அது அக்காவின் தோளைத் தடவிப் பார்த்தது, எடை பார்ப்பதைப் போல. இன்னொரு கை இடுப்புக்குக் கீழே போயிற்று. இன்னொன்று தலையைத் தாங்கியது. வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிப் பழகிய கைகள். அவசரமே இல்லை.

கட்டில் தான் நகர்ந்த ஒரு சாணையும் திரும்பக் கடந்து சுவரில் போய் முட்டியது.

நர்சம்மா அக்காவின் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்கா கத்தவில்லை. கம்பிகளுக்கு இடையே நான்கு விரற்கடைதான் இடைவெளி. அதற்குள் அக்காவின் தோள் போய்க்கொண்டிருந்தது. எலும்பு முறிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

செத்தது மூன்று பேர். மூன்று பேருக்கு ஆறு கை. பிடியை விடாமல் நர்சம்மா எண்ணினாள், வேறெதையும் செய்யத் தெரியாமல் எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. எண்ண எண்ண வந்துகொண்டிருந்தன.